அளவுக்காரம்மா

அந்த அம்மா என்னிடம் முதன்முதலில் சொன்னது, "இதை உடைக்கணும்" என்பதுதான். வணக்கம் சொல்லவில்லை, பேர் கேட்கவில்லை. நான் மூன்று நாள் நின்று கட்டி, கடப்பாக் கல் பதித்து, சிமெண்ட் ஈரம்கூடக் காயாத மளிகை அலமாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நான் வீடு கட்டுகிற மேஸ்திரி. மோகனூர் பக்கம் ஊர். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரிக்காரர்களுக்கும் போர் போடுகிற ரிக் வண்டிக்காரர்களுக்கும் நிறைய வீடு கட்டியிருக்கிறேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், வாயும் சரியில்லை. அன்றைக்கு நின்ற இடம் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரிக் முதலாளியின் புது வீடு. அடுப்படி அலமாரிக்கு மட்டும் யோசனை சொல்ல சேலத்திலிருந்து ஓர் அம்மா வருவார் என்று முதலாளி சொல்லியிருந்தார். அலமாரி கட்டத் தெரியாதவனா நான் என்று அப்போதே எனக்கு ஏறியிருந்தது.

"எதுக்குங்க உடைக்கோணும்?"

"ரெண்டடி ஆழம் இருக்கு."

"ஆழமா இருந்தாத்தானுங்க சாமான் நெறைய புடிக்கும்?"

"புடிக்கும். பின்னால போனது திரும்ப வராது."

"இருபத்தேழு வருசமா இந்த அளவுலதான் கட்டிக்கிட்டு இருக்கறனுங்க."

"அதுல எத்தனை நாள் சமைச்சிருக்கீங்க?"

என் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். நான் கரணையை மணலில் வீசிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அந்த அம்மா புது வீட்டில் இல்லை. பக்கத்திலேயே முதலாளி குடியிருந்த பழைய வீட்டின் அடுப்படியில் நின்று முதலாளியின் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"எல்லாத்தையும் கீழே இறக்குங்க."

"அல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அதுதான் அவர் வழி. எந்த வீட்டுக்குப் போனாலும் அடுப்படியில் இருக்கிற அத்தனை சாமானும் தரைக்கு வந்தாக வேண்டும். அதற்கு முன்னால் பேப்பரில் ஒரு கோடு போட மாட்டார். பணக்கார வீடு, ஓட்டு வீடு என்று பேதமில்லை. தரையில் பரப்பியதும் நடுவில் உட்கார்ந்து பிரிப்பார். தினமும் எடுப்பது ஒரு பக்கம், வாரத்துக்கு ஒரு தரம் எடுப்பது ஒரு பக்கம், நோம்பி, பண்டிகைக்கு மட்டும் எடுப்பது ஒரு பக்கம். யாருமே எடுக்காதது கதவோரம். பெரும்பாலும் கதவோரக் குவியல்தான் பெரிசாக இருக்கும்.

அன்றைக்கு அந்த வீட்டில் மூன்று பாக்கெட் கடுகு வந்தது, மூன்றும் பிரித்தது. கம்பு மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு நெகிழிப் பை வந்தது. உள்ளே அரைக் கிலோ மைசூர்பாகு. முதலாளிக்குச் சர்க்கரை. ஆறு வருசமாக இனிப்பைத் தொடுவதே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் சுவரைப் பார்த்தார்.

"இதுக்கும் தனியா இடம் வேணுமா?" என்று அந்த அம்மா அவரையே கேட்டார். சிரிக்காமல் கேட்டார்.

முதலாளியின் மனைவி ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. மைசூர்பாகை என் ஆட்கள் தின்றார்கள்.

அப்புறம் அந்த வீட்டுக்காரியைச் சுவரோரம் நிற்க வைத்தார். "செருப்பைக் கழட்டுங்க. கையைத் தொங்க விடுங்க. இப்ப மேல தூக்குங்க. நுனிக்கால்ல நிக்காதீங்க, தினமும் நுனிக்கால்ல நின்னு யாரும் சமைக்க முடியாது." சாக்பீஸால் சுவரில் மூன்று கோடு போட்டார். முழங்கால், இடுப்பு, புருவம். இடுப்புக்கும் புருவத்துக்கும் நடுவில் தினமும் எடுக்கிற சாமான். இடுப்புக்குக் கீழே கனமான சாமான். புருவத்துக்கு மேலே நோம்பிச் சாமான். ஆழம் ஒரு டப்பாவுக்கு மேல் கூடாது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வைக்கிற பேச்சே கிடையாது.

அரிசி மூட்டை கன்னி மூலையில்தான் இருக்க வேண்டும், வாஸ்துக்காரர் சொல்லியிருக்கிறார் என்று முதலாளி ஆரம்பித்தார். அடுப்பு எதிர் மூலையில் இருக்கிறது. இந்த மாதிரி ஆட்களோடு வாதாடி நான் தோற்றுப்போனவன், அந்த அம்மா என்ன செய்கிறார் என்று பார்க்க நின்றேன்.

"மூட்டை அங்கேயே இருக்கட்டும். நாலு நாளைக்கு உண்டான அரிசி அடுப்புக்குப் பக்கத்துல இருக்கட்டும். வாஸ்து மூட்டையைத்தானே பாக்கும்?"

முதலாளி தலையாட்டினார். மறுநாள் நான் கட்டியதை நானே உடைத்தேன். அந்த அம்மாவைத் திட்டிக்கொண்டேதான் உடைத்தேன்.

ஆனால் அந்த வீடு முடிந்து ஆறு மாசம் கழித்து, தண்ணீர்த் தொட்டி கசிகிறது என்று கூப்பிட்டார்கள். போனபோது அடுப்படியை எட்டிப் பார்த்தேன். நான் கட்டிய வீடுகளில் ஆறே மாசத்தில் மளிகை அலமாரி குப்பை மேடாகிவிடும். அங்கே வைத்தது வைத்தபடி இருந்தது. வீட்டுக்காரி என்னோடு பேசிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டி மிளகு டப்பாவை எடுத்தது. அன்றைக்குத்தான் எனக்கு அந்த அம்மா மேல் மரியாதை வந்தது. அதற்கப்புறம் நான் கட்டுகிற வீட்டுக்கெல்லாம் நானே கூப்பிட ஆரம்பித்தேன். என் ஆட்கள்தான் அவருக்கு அளவுக்காரம்மா என்று பேர் வைத்தார்கள்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. வெளுத்த காட்டன் சேலை, கறுப்புக் கயிற்றில் சின்ன வெள்ளிச் சிலுவை. சேலத்தில் ஏதோ பெண்கள் விடுதியில் ரொம்ப வருசம் சமையலறைப் பொறுப்பில் இருந்தவர். எப்படி இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று ஒரு தரம் கேட்டேன். "அங்க உப்புப் பானை ஸ்டோர் ரூமோட கடைசில இருந்துச்சு. ஒரு பொண்ணு உப்பு எடுக்கவே ஒரு நாளைக்கு ஏற்காடு ஏறி இறங்கிட்டு இருந்தா. பானையை நகர்த்தி வச்சேன், அவ்வளவுதான்" என்றார். அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. புருசன், பிள்ளைகள் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது அவர் சேலத்தில் இல்லை. எண்ணும் மாறிவிட்டது.

நல்ல வார்த்தை பேசத் தெரியாது அவருக்கு. வேலை முடியும்வரை அந்த வீட்டில் டீ குடிக்க மாட்டார். ஆனால் வீட்டுக்காரி ஒரு வேளை சமைப்பதை உட்கார்ந்து பார்த்தே தீருவார். எத்தனை தரம் குனிகிறாள், எத்தனை தரம் எக்குகிறாள், எதைத் தேடுகிறாள் என்று. சமைத்ததைத் தட்டில் போட்டுக் கொடுத்தால் சாமான்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்து தின்பார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டார்.

ஓமலூரில் ஒரு வீடு. அந்த அம்மா எதைக் கேட்டாலும் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். பருப்பு எத்தனை வகை என்று கேட்டால் அவர் சொல்கிறார். எந்தக் கை வாகு என்று மனைவியைக் கேட்டால் அதற்கும் அவரே சொல்கிறார். அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

"சரிங்க, வெந்தயத்தை எடுங்க" என்றார் அந்த அம்மா அவரிடம்.

அவர் ஐந்து கதவைத் திறந்தார். சீரகத்தை எடுத்து நீட்டினார்.

அந்த அம்மா டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். "சமைக்கிறவங்க பேசுற அன்னைக்குக் கூப்பிடுங்க." நான் வாசல்வரை பின்னாலேயே ஓடி, பெரிய இடத்து வேலைங்க, கெடுத்துப் போடாதீங்க என்று கெஞ்சினேன். பஸ் ஏறிப் போய்விட்டார். இரண்டு மாசம் கழித்து அந்தப் பெண்ணே போன் போட்டுக் கூப்பிட்டதாம். அந்த இரண்டு மாசம் என் வேலை நின்றது. அதற்கு நான் அந்த அம்மாவைத் திட்டிய திட்டு கொஞ்சமல்ல. இப்போது நினைத்தால் திட்டியிருக்க வேண்டியது அந்த ஆளை.

என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

ஊருக்கெல்லாம் கட்டிக் கொடுத்தவன் என் வீட்டு அடுப்படியைத்தான் எல்லாவற்றையும்விட மோசமாகக் கட்டியிருந்தேன். பருப்பும் புளியும் பரணில் இருந்தது. என் மனைவி முக்காலி போட்டு ஏறி எடுக்கும். ஒரு நாள் காலையில் துவரம்பருப்பு எடுக்க ஏறியது, முக்காலி சறுக்கியது. வலது மணிக்கட்டு இரண்டாக ஒடிந்தது. பிளேட் வைத்துச் சேர்த்தார்கள். எலும்பு கூடியது, பிடி வரவில்லை. கனமாக எதையும் தூக்கக் கூடாது, இன்னொரு தரம் விழுந்தால் அந்தக் கை அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சமையலுக்கு ஆள் வைக்கலாம் என்றேன்.

"எம்பட அடுப்படியில இன்னொருத்தி நின்னா, நா எங்கீங்க போய் நிக்கறது?" என்றது.

அப்படியே நாலு மாசம் ஓடியது. நான் சமைத்தேன். அது நாற்காலியில் உட்கார்ந்து, "ஏனுங்க, சட்டி கருகுதுங்க, மூக்கு அடைச்சிருக்குதா?" என்று சொல்லிக்கொண்டிருந்தது. வரவர அதுவும் சொல்வதில்லை. கருகினதைப் பேசாமல் தின்றுவிட்டு எழுந்து போனது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பருப்பு ஏன் பரணுக்குப் போனது என்று சொல்ல வேண்டும். அலமாரியில் கைக்கு எட்டுகிற முன் தட்டில் எட்டு எவர்சில்வர் சம்படங்கள் இருந்தன. மூடி போட்ட டப்பாக்கள், எட்டும் ஒரே அளவு, எட்டும் காலி. எங்கள் புதுவீட்டு விசேஷத்துக்கு என் மனைவியின் அண்ணன் சீர் கொண்டு வந்தது அது. தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு அடுக்கி, பேர் வெட்டிக் கொண்டு வந்திருந்தார். பெரிய வசதி இல்லாத மனிதர். பந்தலில் அத்தனை உறவுக்காரர்களும் இருந்தார்கள். நான் ஒரு சம்படத்தை எடுத்து விரலால் தட்டி, "ஏனுங்க மச்சான், தகரத்துல அடிச்சதா? காத்தடிச்சா பறந்துரும் போல இருக்குது" என்றேன்.

பந்தலே சிரித்தது. அவரும் சிரித்தார். பந்திக்கு இலை போடும்போது ஆளைக் காணோம். என் மனைவி வாசலுக்கு ஓடியபோது அவருடைய வண்டி முக்கில் திரும்பிக்கொண்டிருந்ததாம்.

அதற்கப்புறம் ஒன்பது வருசம் அவர் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. மனைவிதான் பொங்கலுக்குப் பொங்கல் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வரும். கை ஒடிந்து கிடந்தபோதுகூட நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டுப் போனார். அந்த எட்டுச் சம்படங்களை என் மனைவி வெள்ளிக்கிழமை தவறாமல் துடைத்து முன் தட்டில் வைத்தது. ஒரு பிடி உளுந்துகூடப் போடவில்லை. அதைப் பரணில் ஏற்று, பருப்பைக் கீழே இறக்கு என்று நான் கத்தியபோதெல்லாம், "இருக்கட்டுங்க. எங்கண்ணன் வந்தா பாக்கோணும்" என்று மட்டும் சொன்னது. என்னை ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. பேசியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி முடித்திருப்பேன்.

கடைசியில் நான் கூப்பிட, அளவுக்காரம்மா வந்தார். வழக்கம்போல எல்லாம் தரைக்கு வந்தது. சம்படங்களை மட்டும் என் மனைவி யாரையும் தொட விடாமல் இடது கையால் ஒவ்வொன்றாக இறக்கி, துண்டை விரித்து அதன்மேல் வைத்தது.

அந்த அம்மா முதலில் அலமாரியைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். ஒவ்வொரு டப்பாவிலும் பருப்பைப் போட்டு என் மனைவியின் வலது கையில் கொடுத்தார். பிளாஸ்டிக் டப்பா அகலம், நழுவியது. கண்ணாடிப் பாட்டில் பாதி தூரத்திலேயே கை நடுங்கியது. ஒரு சம்படத்தை எடுத்தார்.

"அதுல போடாதீங்க" என்றது என் மனைவி. "பொறந்த ஊட்டுச் சீருங்க. அதுல போட்டுப் பொழங்கறதில்லீங்க."

"குடுத்தவரு பொழங்க வேண்டாம்னு சொன்னாரா?"

"இல்லீங்க."

"அவரு கடைசியா எப்ப வந்தாரு?"

என் மனைவி என்னைப் பார்த்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

அந்த அம்மா சம்படத்தில் துவரம்பருப்பைக் கொட்டி, மூடி, என் மனைவியின் கையில் கொடுத்தார். விரல்கள் சுற்றிப் பிடித்தன. தூக்கியது. இடுப்புவரை வந்தது, நெஞ்சுவரை வந்தது.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

அந்த அம்மா இன்னொன்றை எடுத்துப் பக்கத்தைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார். "கனம் கம்மி. கனமான பாத்திரம் எல்லாக் கடையிலயும் இருக்கு. இந்தக் கைக்கு இதுதான் வேணும்." என்னிடம் திரும்பினார். "மேஸ்திரி, எட்டு இருக்கு. எனக்குப் பன்னெண்டு வேணும். இதே உயரம், இதே கனம். எந்தக் கடையில வாங்கினதுன்னு கேட்டுச் சொல்லுங்க."

"வேற நாலு டப்பா வாங்கிப் போட்டுக்கலாமுங்க."

"வேற டப்பான்னா வேற உயரம், வேற பிடி. பன்னெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் தட்டு போட முடியும்."

"எனக்கெப்படிங்க தெரியும் எந்தக் கடைன்னு?"

"வாங்கினவருக்குத் தெரியும்ல?"

சொல்லிவிட்டு, சுவரில் மூன்று கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார். தெரிந்து செய்தாரா, சாதாரணமாக டப்பாவுக்காகத்தான் கேட்டாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. நீ ஏதாவது சொன்னாயா என்று மனைவியைக் கேட்டேன். சத்தியமாக இல்லை என்றது.

நாலு நாள் சுவரில் அந்தக் கோடுகள் மட்டும் இருந்தன. ஐந்தாம் நாள் மத்தியானம் வேலை நடக்கிற இடத்தில், ஆட்கள் சாப்பிடப் போன பிறகு, போன் போட்டேன்.

"யாருங்க?" என் எண்ணை வைத்திருக்கவில்லை.

"நாந்தான் மச்சான்."

அவர் குரல் மாறி வந்தது. "தங்கச்சிக்கு ஏதாச்சும்...?"

"இல்லீங்க, இல்லீங்க. நல்லாருக்கறா. அந்தச் சம்படம் எந்தக் கடையில வாங்குனீங்க?"

"எதுக்குங்க மாப்ள? திருப்பிக் குடுக்கறீங்களா?"

"இன்னும் நாலு வேணுமுங்க."

"தகரம் எதுக்குங்க உங்களுக்கு?"

கேட்கட்டும் என்று விட்டேன். கேட்க அவருக்கு ஒன்பது வருசம் பாக்கி இருந்தது. "மச்சான், அவ கைக்கு அது ஒண்ணுதான் தூக்க முடியுது. அன்னைக்கு நா பேசுனது பேச்சே இல்லீங்க" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் அவரே வந்தார். மொபெட்டில், மஞ்சப்பையோடு. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அதே கடையைத் தேடிப் போயிருக்கிறார். "பேரு வெட்டலீங்க. அளவு தப்பாப் போச்சுன்னா மாத்தோணுமல்ல" என்று என்னைப் பார்க்காமல் சொன்னார். என் மனைவி பையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டது. ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

அந்த அம்மா சொன்ன அளவில் கால் அங்குலம் பிசகாமல் நானே நின்று அலமாரியைக் கட்டினேன். ஒரு வரிசை ஆழம். பன்னிரண்டு சம்படத்துக்குப் பன்னிரண்டு இடம், இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில். புருவம்வரை கை தூக்க முடியாது என்று கோட்டைக் கீழே இறக்கியிருந்தார். அரிசிக்குத் தூக்கவே வேண்டாதபடி அடியில் ஓர் இழுப்பறை. சறுக்காமலிருக்க ஒவ்வொரு தட்டின் முனையிலும் விரல் கனத்துக்கு ஒரு விளிம்பு.

முடிந்த ஞாயிற்றுக்கிழமை அரிசிம்பருப்புச் சோறு. மச்சான் வந்திருந்தார். என் மனைவி அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பியதும் அவர் பதறி எழுந்தார்.

"இரு சாமி, நா எடுத்துத் தாரேன்."

"உக்காருண்ணா. எனக்கே எட்டுது."

எடுத்தது. அவர் பேர் வெட்டிய சம்படம். மூடியை நெஞ்சில் அணைத்துத் திறந்து பருப்பை அளந்து போட்டு, திரும்ப வைத்தது. மச்சான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, சிமெண்ட் இப்ப மூட்டை என்ன விலை விக்குதுங்க என்று கேட்டார். நானும் சொன்னேன்.

சாயங்காலம் அளவுக்காரம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் வந்ததை, சாப்பிட்டதை, இரண்டாம் தரம் சோறு கேட்டதை. நான் அவ்வளவு நேரம் யாரோடும் போனில் பேசியதில்லை. குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"புதுச் சம்படத்தோட மூடி எப்படி இருக்கு?" என்றார்.

"மூடிங்களா?"

"புதுசு இறுக்கமா இருக்கும். அவங்க திறக்கறப்ப நெஞ்சுல அணைக்கிறாங்களா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப இறுக்கம்தான். நாளைக்கு அவங்க எழுந்திரிக்கிறதுக்கு முன்னால பாத்துருங்க." போனை வைத்துவிட்டார்.

விடிகாலையில் அடுப்படித் தரையில் உட்கார்ந்து பன்னிரண்டு மூடிகளையும் கழற்றினேன். பழைய எட்டும்கூட இறுக்கமாகத்தான் இருந்தன, ஒன்பது வருசமாகப் பொழங்காமலே இருந்ததால். ஒவ்வொன்றின் விளிம்பையும் பெருவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்த்தி, மூடி, ஒற்றைக் கையால் திறந்து பார்த்து வைத்தேன். மெல்லிசுத் தகடு, சொன்னபடி கேட்டது.